ஏஞ்சல் கேட்ட பன்னிரண்டு மணி

மயிலாப்பூரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஸ்ரீரங்கனிடம் ஆறு வருஷமாகக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள் ஏஞ்சல். காலை ஒன்பதுக்கு ஷட்டரைத் தூக்குவதும் அவள்தான். இப்போது அந்தக் காலை நேரம் அவளுக்கு வேண்டியிருந்தது. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். மூன்று மாதம் குனியக் கூடாது. ஒரு வாரம் காலியாகக் கிடந்தால் போதும், அம்மா உட்காருகிற இடம் அடுத்தவள் கைக்குப் போய்விடும்.

அம்மாவுக்குப் பதிலாக மீனை விற்று, குளித்து, பஸ் பிடித்து வரப் பத்தரை ஆகும். பத்தரை என்று கேட்டால் பத்தரை கிடைக்குமா? மீன்காரி மகளுக்குத் தெரியாதா? பாதியில் படியும் என்று பன்னிரண்டு கேட்டாள்.

புரூஃபிலிருந்து தலையைத் தூக்காமலே ஸ்ரீரங்கன், "சரிம்மா, பன்னெண்டுக்கு வா" என்றார்.

ஏஞ்சலுக்குச் சந்தேகம் தட்டியது. சொன்ன விலைக்கு ஒருத்தர் மீனை எடுத்துக்கொண்டு போனால், ஒன்று அவருக்கு மீன் தெரியாது. இல்லையென்றால் நாளையிலிருந்து வேறு கடை. மூன்றாவது ரகம் கிடையாது. அப்படியானால் இவர் அவள் வேலைக்கு வேறு ஆள் பார்த்துவிட்டார்.

அன்று பூராவும் மாப்பிள்ளை பெயரைப் பெண் இடத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் தாங்க முடியாமல் போய் நின்றாள்.

"சார், பதினொன்னரைக்கே வந்துர்றேன்."

"வேண்டாம்மா. பன்னெண்டே இருக்கட்டும்."

"பதினொன்னு."

அவர் முகம் வாடியது. அதைப் பார்த்து அவள் இன்னும் பயந்துபோனாள்.

"பத்தரை சார். அதுக்குக் கீழ கட்டாது. வேற ஆள் பாத்துக்கினு கீறீங்கன்னா சொல்லிடுங்க."

ஸ்ரீரங்கன் பதறிப்போனார். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அறுபத்தெட்டு வயதில், காபியும் பேப்பரும் ஆனபின் இன்னொரு தூக்கம் போட அவருக்கு ஆசை. ஆனால் ஏஞ்சல் ஒன்பதுக்கே கடை திறக்கும்போது முதலாளி படுத்துக் கிடக்கலாமா? அந்த வெட்கத்திலேயே ஆறு வருஷமாக ஓடி வருகிறார். வாடிக்கைக்காரர்களும் இப்போது வாட்ஸப்பில்தான் வருகிறார்கள்.

"பன்னெண்டுன்னு ஆத்துலயும் சொல்லிட்டேன். நீ பத்தரைங்கறியே."

ஏஞ்சலுக்கு உயிர் வந்தது. கூடவே வியாபாரமும் வந்தது.

"சரி, உங்களுக்காக பன்னெண்டு. ஆனா அதுக்கோசரம் ராத்திரி ஒக்கார வெக்கக் கூடாது. ஆறுக்குக் கெளம்பிடுவேன்."

"ஆறு மணியா?" ஸ்ரீரங்கன் யோசித்தார். "அஞ்சரைக்கே போயேன்."

இந்த மனுஷரை யாராவது சந்தைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று அவளுக்குக் கவலையே வந்துவிட்டது.

"ஆறே இருக்கட்டும் சார்" என்று அவருக்காகவும் அவளே பேரம் பேசி முடித்தாள்.