மும்முறை பொறுக்கிய அரிசி

மெல்பர்ன் நகரத்துக்கு யூதரின் பஸ்கா பண்டிகை இலையுதிர் காலத்தில்தான் வந்து சேர்கிறது. துதிப்பாடல்கள் அரும்பையும் தளிரையும் குளிர் நீங்கிய வெளியையும் போற்றிக்கொண்டிருக்க, ஜன்னலுக்கு வெளியே பிளேன் மரங்கள் பொன்னும் துருவுமாய்த் தம்மை உதறிக்கொண்டிருக்கும். கடலிலிருந்து ஏறிவரும் காலைப் பனி டிராம் கம்பிகளில் தங்கித் துளித்துளியாய்த் திரண்டு, எவர் செவிக்கும் எட்டாத ஒரு தாளத்தில் சொட்டும். உச்சி சாய்ந்ததும் வெயில் தேன் வடிந்தாற்போல் நீண்டு, வேலிகளின் நிழலைத் தெருவின் குறுக்கே கிடத்தும். அப்பருவத்துக்கென்று ஒரு மௌனம் உண்டு. மேசையைப் பரப்பி வைத்துவிட்டு வாசலையே பார்த்திருக்கும் வீட்டின் மௌனம் அது. அம்மௌனத்தின் நடுவே அமர்ந்து திர்சாள் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

சமையலறை மேசைமேல் வெள்ளைத் துணி, துணிமேல் அரிசி. பாக்தாத் வழிவந்த யூதக் குடும்பங்களில் பஸ்கா நாள்களில் அரிசி உண்ணலாம். ஆனால் மணி மணியாய் மும்முறை பொறுக்கிய பின்னரே உலையேற்ற வேண்டும். கோதுமை மணி ஒன்று உள்ளே ஒளிந்திருந்து உலைநீரில் ஊறினால் அது புளித்தமாவாகிவிடும். புளித்தமா அந்த எட்டு நாளும் வீட்டிலேயே இருக்கலாகாது. மூன்றாம் முறையிலும் கோதுமை தென்பட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்பது திர்சாளின் வீட்டு வழக்கம். அவள் மணமாகி வந்த நாள்முதல் அப்படித் தொடங்க நேர்ந்ததில்லை.

இவ்வாண்டு மூட்டை மலிவாய் வந்தது. திர்சாளுக்கு மலிவு என்பது ஒரு தனிக் கலை. தக்காளி எந்தக் கிழமை மாலையில் கனிந்து விலையிறங்கும், முட்டை அட்டையில் ஒன்று கீறியிருந்தால் கடைக்காரர் எவ்வளவு தூரம் இறங்கி வருவார், கோழிக் கழுத்தும் இறக்கையும் மட்டும் வாங்கி ஓய்வுநாள் சாற்றுக்கு முழுக்கோழியின் மணத்தை எப்படி வரவழைப்பது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பரிசு சுற்றி வந்த காகிதத்தை இஸ்திரி போட்டு அடுக்கி வைப்பவள். கடைத்தெருவில் கிரேக்கர் ஸ்டாவ்ரோஸின் மளிகையில், தானிய மூட்டைகளின் ஓரத்தில் வாய் கிழிந்து சாய்ந்திருந்த அரிசி மூட்டை அவள் கண்ணில் பட்டது. பாதி விலைக்குப் பேசி முடித்தாள். அதன் இடப்பக்கம் என்ன மூட்டை இருந்தது என்று அன்று அவள் பார்க்கவில்லை.

அவ்வளவு அரிசி எதற்கு என்று மனாசே கேட்கவில்லை. டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற அவள் கணவருக்கு, சில கேள்விகளை நிறுத்தமில்லாத இடம்போல் கடந்துவிடத் தெரியும். ஒரே மகள் சிப்போராள் சென்ற இளவேனிலில்தான் மணமுடித்துப் போனாள். மாப்பிள்ளை ஹெர்ஷல் போலந்து வழியினன். அவர்கள் பஸ்காவில் அரிசியைத் தொடமாட்டார்கள். மணமான பெண் கணவன் வீட்டு வழக்கத்தை மேற்கொள்வதே முறை. "இந்த வருஷத்துலேருந்து நான் அரிசி சாப்புட முடியாதும்மா. பஸ்கா விருந்துக்கு மொத ராத்திரி அத்தை வீட்ல இருக்கோம், ரெண்டாம் ராத்திரி நம்ம வீட்டுக்கு வர்றோம்" என்று சிப்போராள் தொலைபேசியில் சொன்னபோது, திர்சாள் "நல்லதும்மா, அதான முறை" என்றாள். மறுநாள்தான் அந்த மூட்டையை வாங்கினாள். வழக்கமான அளவு அது. மகளின் பங்கும் சேர்ந்த அளவு.

சிப்போராளுக்கு உயிர், வெங்காய மடல்களுக்குள் அரிசியும் இறைச்சியும் பொதிந்து புளிப்பும் இனிப்புமாய் வேகவைக்கும் பண்டம். கொஞ்சம் இறைச்சியை ஒரு மேசைக்கே போதுமாக்குவது அதிலுள்ள அரிசிதான். சிறு வயதில் அவள் சட்டியின் அடியில் கருகி ஒட்டியதைக் கரண்டியால் சுரண்டித் தின்பாள். இனி இரண்டாம் இரவில் அவள் இந்த மேசைக்கு வந்து, தட்டைக் காலியாக வைத்துக்கொண்டு, "பரவால்லம்மா, எனக்குப் பசியில்ல" என்று விருந்தாளிபோல் சிரிப்பாள். 

அரிசியை ஆட்காட்டி விரலால் நடுவே பிளந்து, நல்லதை வலப்புறமாய்த் தள்ளுவது அவள் முறை. எகிப்திலிருந்து தப்பிய முன்னோருக்குச் செங்கடல் பிளந்த கதையைச் சொல்லி மனாசே அதைக் கேலி செய்வார். பிற்பகல் வெயிலில் அப்படித் தள்ளித் தள்ளி, விழிப்புக்கும் உறக்கத்துக்கும் இடைப்பட்ட ஒரு துறையில் அவள் ஒதுங்கினாள். விரல் பட்ட வழியெல்லாம் கடல் இரண்டாய்ப் பிரிந்து இருபுறமும் வெண்மதிலாய் நின்றது. நடுவே உலர்ந்த துணி. அதில் மிகச் சிறியோர் மூட்டை சுமந்து நடந்துபோயினர். சிலர் கையில் பிசைந்தும் புளிக்காத மாவு. ஒரு சிறுமி மட்டும் பின்தங்கி, குனிந்து, கடலின் அடியிலிருந்து எதையோ கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வா, வா, தண்ணீர் திரும்பிவிடும் என்று திர்சாள் கூப்பிட்டாள். சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். அக்கரையிலிருந்து வேறொருத்தி அவளைக் கைநீட்டி அழைத்தாள்.

விரலில் ஏதோ உறுத்தியது. அரிசியின் வழுவழுப்பு இல்லை. நடுவே ஒரு பிளவுள்ள தடித்த மணி. "ஐயோ" என்றாள்.

"என்ன, செங்கடல்ல யாராச்சும் முங்கிட்டாங்களா?" என்றபடி மனாசே செய்தித்தாளோடு வந்தார்.

"கோதுமைங்க."

"எத்தனாவது தடவ?"

"மூணாவது."

மனாசே நாற்காலியை இழுத்து அமர்ந்தார். "கிழிஞ்ச மூட்டைய பாதி விலைக்கு வாங்குனப்பவே நெனச்சேன். மீதிப் பாதிய உன் கண்ணு குடுக்கும்னு."

"கோதுமைய சும்மா குடுத்தாரேன்னு சந்தோஷப்படுங்க" என்றாள். ஆனால் அவள் குரல் சிரிக்கவில்லை. மணியை ஜன்னல் வெளிச்சத்தில் ஏந்திப் பார்த்தாள். அதன் பிளவு கண்ணுக்குத் தெரியவேயில்லை. விரல் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அப்படியானால் முதல் இருமுறையும் கண் இதைக் கடந்து போயிருக்கிறது. இனி எத்தனை முறை பார்த்தாலும் இந்தக் கண்ணை நம்பி உலையேற்ற முடியாது.

"விடு திர்சா. எட்டு நாளு உருளக்கெழங்கு தின்னா செத்தா போயிருவோம்? சம்பந்தி வீட்ல அதத்தான திங்கிறாங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார். அதுவே முள்ளாய்த் தைத்தது. அரிசி இல்லையென்றால் இந்த மேசையும் அந்த மேசையாகிவிடும். பிறகு சிப்போராள் தாய் வீட்டுக்கென்று எங்கே வருவாள்? கோதுமை மணியைத் திர்சாள் தோட்டத்துப் பக்கம் வீசினாள். இந்த நாட்டில் கோதுமை விதைக்கும் பருவம் இது என்பது வீசிய பிறகே நினைவுக்கு வந்தது.

வியாழக்கிழமை அவள்தான் மகளை அழைத்தாள். முட்டை விலை ஏறிவிட்டதைச் சொன்னாள். சம்பந்தியம்மா ஃபெய்காவின் முழங்கால் வலியை விசாரித்தாள். புளிப்பில்லா அப்பம் எந்தக் கடையில் உடையாமல் கிடைக்கிறது என்றாள்.

"அம்மா, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. அரிசில மூணாந்தடவ கோதுமை வந்துருச்சு. இந்த வருஷம் அரிசி வேணாம்னு பாக்குறேன். எனக்குக் கண்ணு செரியில்ல சிப்போ."

 அந்தப் பக்கம் டிராம் மணி கேட்டது. மகள் தெருவில் நின்று பேசுகிறாள் போலும்.

"நாளைக்கு மத்தியானம் வர்றேன்."

"நீயா? நீதான் திங்கவே மாட்டியே. உங்க அத்தை என்ன நெனப்பாங்க?"

"திங்கத்தாம்மா கூடாது. பொறுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

மறுநாள் கனத்த பையொன்றோடு அவள் வந்தாள். கணவன் வீட்டு முறைப்படி தலையில் கூந்தல் முழுதும் மறையத் துணி கட்டியிருந்தாள். நெற்றி புதிதாய்த் தெரிந்தது. யாரோ ஒரு பெண்ணின் நெற்றி. தாயும் மகளும் மேசையின் இருபுறமும் அமர்ந்தனர். பஸ்காவுக்கு இன்னும் சில நாள் இருந்தது. ஆனால் அன்று வெள்ளி, மாலையோடு ஓய்வுநாள் தொடங்கிவிடும். பொறுக்குவதும் பிரிப்பதும் ஓய்வுநாளுக்கு ஆகாத வேலை. பொழுது சாய்ந்தால் கையெடுத்துவிட வேண்டும்.

"சட்டியில என்னம்மா? வெங்காய வாசன வருது."

"பஸ்கா சட்டி இல்ல. சும்மா ஒத்திகை பாத்தேன்."

சிப்போராள் எழுந்து மூடியைத் திறந்தாள். வெங்காயப் பொதிகளில் பாதி வெண்ணூலால் கட்டப்பட்டிருந்தன.

"நூல் எதுக்கு?"

"அது அரிசி போடாதது. உருளக்கெழங்கும் கறியும். மாறிப்போயிறக் கூடாதுன்னு கட்டுனேன். தனிச்சட்டியிலயே வச்சுரலாம் அன்னிக்கு." திர்சாள் அரிசியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "கறி நெறையா பிடிக்குது. உங்கப்பா பென்ஷன் உன் வெங்காயத்துக்கே போயிரும் போல."

மகள் மூடியை வைத்தாள். சற்று நேரம் அடுப்புப் பக்கமே திரும்பி நின்றாள். பிறகு வந்தமர்ந்து, "அடி புடிச்சிருக்காம்மா?" என்றாள்.

"நூல் கட்டுனதுலயும் புடிக்கும். அடுப்புக்கு வழக்கம் கெழக்கம் ஒண்ணுந் தெரியாது."

இருவரும் சிரித்தனர். முதல் முறை முடிந்தது, கோதுமை இல்லை. இரண்டாம் முறையும் இல்லை. வெயில் மேசையிலிருந்து இறங்கித் தரையில் நடந்து சுவரேறியது. திர்சாள் தன் பக்கத்துக் குவியலைத் தள்ளும்போதெல்லாம், மகளின் விரல் ஒருமுறை அதனுள் நுழைந்து கலைத்துப் பார்த்துவிட்டு அப்பாலே தள்ளியது. திர்சாள் கண்டும் காணாதவளாயிருந்தாள். கடல் இப்போது மகளின் விரலுக்குப் பிளந்தது. அவளுக்குத் தூக்கம்போல் ஒரு நிறைவு வந்தது. இக்கரை எது, அக்கரை எது என்று தெளியவில்லை. வெண்மை மட்டும் இருந்தது, அதில் இரண்டு கைகள் இருந்தன.

மூன்றாம் முறையில் ஒரு மூலை மிச்சமிருக்கையில் மனாசே கோட்டை மாட்டிக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பினார். "பொழுது இருட்டுது. ரெண்டு பேரும் கைய எடுங்க" என்றார் வாசலிலிருந்து.

"இன்னும் கொஞ்சம்தாங்க."

"ஞாயித்துக்கெழம வந்து முடிக்கிறேம்மா" என்றாள் சிப்போராள். கடைசிச் சில நிமிடங்களாய் அவள் விரல் மெல்லத்தான் நகர்ந்தது என்பதைத் திர்சாள் கவனித்திருந்தாள். மிச்ச அரிசிமேல் துணியின் மறுபாதியை மடித்துப் போர்த்தினர்.

"நீ ஓடு. உன் வீட்ல போய் ஓய்வுநாள் வெளக்கேத்தணும்."

சிப்போராள் பையைத் திறந்தாள். துவாலையில் சுற்றிய இரண்டு மெழுகுவத்தித் தாங்கிகளை எடுத்து வைத்தாள். மணநாளில் ஃபெய்கா கொடுத்தவை. "அவர் தொழுகை முடிஞ்சு அப்பாவோட நேரா இங்கதான் வருவாரு. இன்னிக்கு ராத்திரி இங்கதான்."

திர்சாள் தன் கண்ணாடிக் கிண்ணங்களில் நீர் விட்டு, எண்ணெய் விட்டு, திரியை மிதக்கவிட்டாள். எண்ணெயில் மட்டும் அவள் சிக்கனம் பார்த்ததில்லை. பக்கத்தில் மகளின் மெழுகுவத்திகள் நின்றன. இரு முறையிலும் சுடர் ஒன்றுபோலவே எழுந்தது. இருவரும் கண்களைப் பொத்திக்கொண்டனர். உள்ளங்கையின் இருளில் திர்சாளின் உதடுகள் அசைந்தன. வெளியே பிளேன் இலையொன்று ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, நின்று, வழுக்கிப் போனது.

கையை விலக்கியபோது மகள் தலை குனிந்து நின்றாள். திர்சாள் இரு கைகளையும் அந்தத் துணிக்கட்டின்மேல் வைத்தாள். அதன் மடிப்பில் அரிசி மணி ஒன்று சிக்கியிருந்தது. அவள் விரல் அதைத் தொட்டது, எடுக்கவில்லை. ஓய்வுநாள் மாலையில் மகளை ஆசீர்வதிக்கும் முறைப்படி ஆதித் தாய்மார் நால்வரின் பெயர்களையும் சொல்லி முடித்தாள். பிறகு, முறையில் இல்லாததாய்த் தன் சொல்லில் மெதுவாகச் சொன்னாள்:

"எந்த மேசையில உக்காந்தாலும் அது உன் மேசையா இருக்கட்டும், கண்ணு. வயிறு நெறஞ்சு எந்திரி."