துவக்க நேரம் 10.21

ராகுகாலத்தில் புதிதாக எதையும் தொடக்கூடாது என்பது அரிகிருஷ்ணன் வைத்த சட்டம். சேலையூர் கேம்ப் ரோட்டில் இரண்டாவது மாடியில் இருந்தது அவருடைய கம்பெனி. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்ததை எழுபது பேர் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடிப்பார்கள். எந்த வேலையானாலும் துவக்க நேரம் அச்சில் வேண்டும் அவருக்கு. அந்தத் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி ஃபைலில் வைப்பார். போன வருடம் ஜெனரேட்டரை எமகண்டத்தில் லாரியிலிருந்து இறக்கியதற்காக, ஸ்டோர் பார்த்த ஜெயவேலுவை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பியவர்.

அதனால்தான் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் மகேஷ் கடிகாரத்தைத் திருப்பினான்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கும். பத்து மணிக்கே சர்வர் மென்பொருளின் அப்கிரேடைத் தொடங்குவதாகச் சொல்லியிருந்தான். ஊரப்பாக்கத்திலிருந்து வரும் வழியில் பெருங்களத்தூரில் பைக் பஞ்சர். சர்வர் அறைக்குள் அவன் நுழைந்தபோது மணி பத்து ஐம்பத்தெட்டு. அப்கிரேட் ஆகவேண்டிய சர்வரின் கடிகாரத்தை நாற்பது நிமிடம் பின்னால் தள்ளினான். அது தானாகச் சரியாகிவிடாதபடி நேரம் பார்க்கும் சர்வீஸையும் நிறுத்தினான். பிறகு சிடியைப் போட்டான். நடப்பதையெல்லாம் நேரத்தோடு சர்வர் எழுதிவைக்கும் லாக்கின் முதல் வரியில் 10.21 என்று விழுந்தது.

அறையில் மூன்று பெரிய சர்வர்கள். ஒவ்வொன்றும் உள்ளுக்குள் இருபது முப்பது கம்ப்யூட்டர்களாக நடிக்கும். அவற்றை மேய்க்கும் நிர்வாக மென்பொருள்தான் இன்று புதுப் பதிப்புக்கு மாறுகிறது. மாறியதும், மாலை ஆறு மணிக்குள், புது அமெரிக்க ஆஸ்பத்திரிக்காகப் பன்னிரண்டு மெஷின்களை அதில் உருவாக்கித் தர வேண்டும்.

பன்னிரண்டரைக்கு அப்கிரேட் முடிந்தது. ரீஸ்டார்ட் செய்தான். மென்பொருள் எழவில்லை. மறுபடி ஸ்டார்ட் கொடுத்தான். அரை நிமிடம் சுற்றிவிட்டுப் படுத்துக்கொண்டது. டேட்டாபேஸ் உள்ளே விடவில்லை என்று திரையில் ஒரு வரி.

டேட்டாபேஸ் வேறொரு மெஷினில் இருந்தது, தீபலட்சுமியின் பொறுப்பு. பிஎஸ்சி பிசிக்ஸ். சேர்ந்து ஐந்து மாதம். அவள் பேசுவதைக் கேட்க வேண்டுமானால் ஏசியை நிறுத்த வேண்டும்.

"ஏம்மா, பாஸ்வேர்டு மாத்தினியா?"

"இல்ல சார்."

"பின்ன என்ன, பேய் மாத்திச்சா?"

"நான் தொடல சார்."

"தொடாமதான் சாகுதா? பிசிக்ஸ் படிச்சவங்களை எல்லாம் சர்வர் ரூம்ல விட்டா இப்படித்தான்."

வெளியே டைப் அடித்துக்கொண்டிருந்த சிலர் ஹெட்போனைக் கழற்றினார்கள். மகேஷுக்கு அது பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் சத்தமாகத் திட்டினான். அதே சூட்டில் முதலாளிக்கு மெயிலும் அனுப்பினான். அப்கிரேட் வெற்றி, தீபலட்சுமி டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியதால் தாமதம். பத்து பேருக்கு நகல்.

பிறகு ஒரு மணிநேரம் மல்லுக்கட்டினான். பாஸ்வேர்டை அவனே புதிதாக வைத்துப் பார்த்தான். வேறு ஏதாவது புரோகிராம் அதே நெட்வொர்க் வாசலைப் பிடித்திருக்கிறதா என்று தேடினான். லைசென்ஸைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தன. எழத்தான் இல்லை.

ஒன்றே முக்காலுக்கு அவள் வந்து கதவருகே நின்றாள்.

"சார், டைம்ல ஒரு வித்தியாசம் இருக்கு."

"இன்னாது?"

"இந்த சர்வர் பன்னெண்டு அம்பதுக்குக் கதவைத் தட்டினதா சொல்லுது. டேட்டாபேஸ் லாக்ல அதே தட்டு ஒண்ணரைக்கு விழுந்திருக்கு. சரியா நாப்பது நிமிஷம்."

பழைய பதிப்பு டேட்டாபேஸுக்கென்று தனியாக இருந்த பெயரில் நுழையும். அப்கிரேடும் அந்தப் பெயரில்தான் ஓடியது. முடிக்கும்போது அவன்தான் அதை ஆபீஸ் பொது லாகினுக்கு மாற்றினான். இரண்டு பக்கக் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் அந்த லாகின் யாரையும் உள்ளே விடாது. இது அவனுக்குத் தெரியும். கேம்ப் ரோட்டில் யாரைவிடவும் நன்றாகத் தெரியும்.

"டைம் சர்வீஸை யாரோ நிறுத்தி வெச்சிருக்காங்க சார்."

"வாய மூடு." எழுந்து கதவைச் சாத்தினான். "அடுத்த மாசம் உன் கன்ஃபர்மேஷன். ரிவ்யூ எழுதப்போறது யாரு?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"யாருன்னு கேட்டேன்."

"நீங்க சார்."

"தெரிஞ்சா சரி. பாஸ்வேர்டு உன் தப்பு. நான் சரிபண்ணேன். போ."

அவள் போனதும் கடிகாரத்தைச் சரிசெய்தான். மென்பொருள் உடனே எழுந்தது. மூன்று சர்வர்களும் பச்சை காட்டின. லாக்கின் முதல் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனான்.

தீபலட்சுமி முன்பே அங்கே நின்றிருந்தாள். முதலாளி மெயிலைப் படித்துவிட்டுக் கூப்பிட்டனுப்பியிருந்தார்.

"வாய்யா மகேஷ். பாஸ்வேர்டை ஏம்மா மாத்தினேன்னு கேட்டா, இந்தப் பொண்ணு வாயே தொறக்க மாட்டேங்குது."

"தொறந்தா இன்னும் நாலு சர்வர் போகும் சார்," என்றான் மகேஷ். லாக்கை மேஜைமேல் வைத்தான். "பத்து இருபத்தொண்ணு சார்."

அரிகிருஷ்ணன் மஞ்சள் டப்பாவைத் திறந்தார். அதற்குள் அவள் கையிலிருந்த தாளை அதன்மேல் வைத்தாள்.

"இது டேட்டாபேஸ் லாக் சார். பாஸ்வேர்டு இன்னிக்கி ஒரு தடவைதான் மாறிருக்கு. ஒரு மணிக்கு. மகேஷ் சார் பேர்ல. அப்கிரேட் மொதல்ல உள்ள வந்தது இந்த வரி." விரல் வரியைவிட்டு விலகவில்லை. "பதினொண்ணு நாலு."

அரிகிருஷ்ணன் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பாஸ்வேர்டைப் பற்றி அவர் கேட்கவேயில்லை.

"ராகுகாலத்துலயா ஆரம்பிச்ச?"

"சார், இப்ப நல்லா ஓடுது சார். எல்லாம் பச்சை..."

"ராகுகாலத்துல ஆரம்பிச்சுட்டு எங்கிட்ட பத்து இருபத்தொண்ணுன்னு காட்றியா? என் மஞ்சளை அதுக்குப் பூச வைக்கிறியா?" டப்பாவை அடித்து மூடினார். மேஜையெல்லாம் மஞ்சள். "எடு அதை. பழசையே திரும்பப் போடு. மூணு மணிக்கு எமகண்டம், அதுக்குள்ள புதுசா ஆரம்பி."

பழையதைத் திரும்பப் போட, அப்கிரேடுக்கு முந்தைய டேட்டாபேஸ் நகல் வேண்டும். பத்து ஐம்பத்தெட்டுக்கு ஓடிவந்தவன் நகல் எடுக்கவில்லை. மகேஷ் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

"சார், பேக்கப்..."

"காலைல ஒன்பதரைக்கு நான் எடுத்து வெச்சிருக்கேன் சார்," என்றாள் தீபலட்சுமி.

"யாரு சொல்லி எடுத்த?"

"யாரும் சொல்லல சார்."

அரிகிருஷ்ணன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு இருபது. "நீயே பண்ணும்மா. யோவ், சர்வர் ரூம் சாவியக் குடுத்துட்டு நீ கிளம்பு. திங்கக்கிழமை வந்து செட்டில்மெண்ட் வாங்கிக்க."

வராந்தாவில் மகேஷ் சாவியை அவள் கையில் கொடுக்காமல் ஜன்னல் திட்டில் வைத்தான்.

"சந்தோஷமா? ஊமைன்னு நெனச்சேன்டி உன்னை."

அவள் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"டி போடாதீங்க சார். பத்து பேருக்கு ஒரு மெயில் அனுப்பினீங்களே, அதை மறுத்து இன்னொண்ணு அனுப்பிட்டுப் போங்க."

"முடியாதுன்னா?"

"அந்த ரெண்டு தாளையும் நானே பத்து பேருக்கும் அனுப்புவேன்."

அவன் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். டைப் அடிப்பவர்கள் எல்லோரும் ஹெட்போனைக் கழற்றியிருந்தார்கள். தவறுதலாகத் தீபலட்சுமியின் பெயரைக் குறிப்பிட்டுவிட்டேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி அடித்தான். அவள் பின்னால் நின்று படித்தாள்.

"'பை மிஸ்டேக்' வேணாம் சார். எடுத்துடுங்க."

ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.