ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்

ஒலெகாரியோ தெச்சேராவின் முடிதிருத்தும் கடையில் காலை பத்து மணிக்கு யாருக்கும் கத்தி ஓடாது. முகத்தில் பாதி நுரையோடு உட்கார்ந்திருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில்தான் சல்தோ நகர வானொலியில் வில்மார் அன்றைய கேள்வியைக் கேட்பான். யார் முதலில் தொலைபேசியில் கிடைக்கிறாரோ அவர் மட்டும் பதில் சொல்லலாம். சரியென்றால், தேநீர் மாதிரி ஊறவைத்துக் குடிக்கும் மாத்தே இலை ஒரு பொட்டலம். தப்பென்றால் அதே கேள்வி மறுநாளும் வரும்.

எட்டு மாதமாக அந்தப் பொட்டலத்துக்கு இரண்டே பேர்தான் போட்டி. ஒருவர் ஒலெகாரியோ. இன்னொருவர் துறைமுகப் பக்கத்திலிருந்து பேசும் சுல்மா அர்பிசா. லேசாகக் கரகரத்த குரல். பதில் சொல்லிவிட்டுச் சும்மா வைக்கமாட்டாள், கூடவே ஒரு துணுக்கும் சொல்வாள். முக்கால்வாசி நாள் அவள்தான் முந்துவாள். ஒலெகாரியோ எண்ணைச் சுழற்றி முடிப்பதற்குள் வானொலியில் அவள் "வணக்கம் வில்மார்" என்று ஆரம்பித்திருப்பாள்.

"என்ன ஒலெகாரியோ ஐயா, இன்னிக்கும் அந்தம்மாகிட்ட மண்ணைக் கவ்விட்டீங்களா?" என்பான் டாக்சிக்காரன் வால்தெர், நுரைக்குள்ளிருந்து.

"வாயை மூடு. மீசை போயிடும்."

ஜூன் மாதம், ஆரஞ்சு பறிக்கும் பருவத்தில், ஒரு திங்கட்கிழமை ஒலெகாரியோவுக்கு முதல் அழைப்பே கிடைத்தது. மங்கோலியாவின் தலைநகரம் கேட்டார்கள், சொன்னார். செவ்வாயும் கிடைத்தது. புதனும் கிடைத்தது. மூன்று பொட்டலம் ஜன்னலோரம் வரிசையாக நின்றன. அவருக்கு அதைப் பிரிக்கவே கை வரவில்லை.

"அந்தம்மா ஊருக்குப் போயிருப்பாங்க," என்றான் வால்தெர். "ஜெயிச்சா சிரிக்கணும்யா. ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

வியாழக்கிழமை வில்மார் கேட்டான்: "ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?"

ஒலெகாரியோவுக்கு அது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அழைப்பும் கிடைத்துவிட்டது. வாயைத் திறந்தவர் ஒரு கணம் நின்றார். சரியாகச் சொன்னால் கேள்வி முடிந்துவிடும், நாளைக்கு வேறு கேள்வி வந்துவிடும்.

"ரெண்டு," என்றார்.

"ஐயையோ, தப்பு! நாளைக்கும் இதே கேள்விதான் நேயர்களே."

வால்தெர் நாற்காலியில் துள்ளி எழுந்தான். "மூணுன்னு போன மாசம் எனக்கே நீங்கதானே சொன்னீங்க!"

"மறந்துட்டேன். உக்காரு."

வெள்ளிக்கிழமை "நாலு" என்றார். சனிக்கிழமை "ஏழு" என்றார். ரொட்டிக்கடையில் ஆட்கள் அவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். தெச்சேராவுக்கு மூளை கலங்கிவிட்டது என்ற பேச்சும் கிளம்பியது. எது எப்படியோ, அந்தக் கேள்வியை அவர் அவளுக்காகப் பிடித்துவைத்திருந்தார். வானொலியில் அவள் பெயரைச் சொல்லி எங்கே என்று கேட்க அவருக்குக் கூச்சம். அவருக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

ஞாயிறு நிகழ்ச்சி கிடையாது. திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் எண்ணைச் சுழற்றியபோது தொடர்பு கிடைக்கவில்லை. வானொலியில் அந்தக் கரகரப்பு.

"வணக்கம் வில்மார். மூணு. ரெண்டு செவுளுக்கு, ஒண்ணு உடம்புக்கு. அப்புறம் அந்த முடிதிருத்துறவர்கிட்ட ஒண்ணு சொல்லணும். மனுஷனுக்கு வெக்கமே இல்லையா? ஏழாம்! நான் ஆஸ்பத்திரியில எலும்பு வார்டுல கெடக்கேன். பக்கத்துக் கட்டில்காரம்மா ரேடியோவில மூணு நாளா இந்தக் கூத்தைக் கேட்டுக்கிட்டிருக்கேன். இன்னிக்குத்தான் நர்ஸ் போன்கிட்ட தள்ளிட்டு வந்தாங்க."

ஒலெகாரியோ அன்று மதியமே கடையைச் சாத்தினார். சட்டையை மாற்றி, மூன்று பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினார்.

சுல்மா அவர் நினைத்ததைவிடச் சிறிய உருவம். நரைத்த முடி ஒரு பக்கம் அழுந்திக் கிடந்தது. ஏணியிலிருந்து ஆரஞ்சு பறிக்கப்போய் விழுந்ததில் இடுப்பும் வலது கையும் உடைந்திருந்தன.

"மூணையும் கொண்டாந்துட்டீங்களா? ஜெயிச்சது நீங்கதானே?"

"நீங்க இல்லாம ஜெயிச்சது. எனக்கு இறங்கலை."

அவள் பொட்டலங்களை இடது கையால் அருகே இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, எப்படி அவ்வளவு வேகமாக எண்ணைச் சுழற்றுகிறாள் என்ற ரகசியத்தைச் சொன்னாள். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு குறுக்கெழுத்துப் புத்தகத்தை இடது கையால் இழுத்தாள். "வந்ததுக்கு ஒரு வேலை பண்ணுங்க. எனக்கு எழுத முடியலை. நீங்க படிச்சுச் சொல்லுங்க, சேர்ந்து போடலாம். அஞ்சாவது, மேலிருந்து கீழே."

ஒலெகாரியோ பென்சிலை வாங்கினார். பக்கத்தைப் பார்த்தார். எழுத்துகள் எறும்பு மாதிரி நெளிந்தன.

"வெளிச்சம் பத்தலை," என்றார்.

ஜன்னல் வழியாக வெயில் கட்டில் முழுக்கக் கொட்டிக்கொண்டிருந்தது. சுல்மா ஜன்னலைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள். பென்சில் இன்னும் காகிதத்தைத் தொடவில்லை.

அவரே சொல்லிவிட்டார். "ரெண்டாவது வகுப்போட சரி. அப்புறம் பண்ணையில ஆடு மேய்க்க விட்டுட்டாங்க. பேர் எழுதுவேன், அவ்வளவுதான். கடைக்கு வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் எனக்குத் தெரியாதது ஒண்ணு சொல்லச் சொல்லுவேன். எல்லாம் காதுல விழுந்ததுதான்."

"மங்கோலியா?"

"படகுக்காரர் ஒருத்தர்."

"ஆக்டோபஸ்?"

"மாட்டு டாக்டர்."

சுல்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். போச்சு, எழுந்து போய்விடலாம் என்று அவருக்குத் தோன்றியது. அப்போது அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்.

"நான் தடித்தடியா ஆறு புத்தகத்தை மடியில வெச்சுக்கிட்டு எட்டு மாசமா உங்களோட மல்லுக்கட்டுறேன். நீங்க வெறும் காதை வெச்சுக்கிட்டா? ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, இடுப்பு வலிக்குது."

பிறகு குறுக்கெழுத்தை அவர் கையிலிருந்து வாங்கித் தலையணைக்கு அடியில் திரும்பச் செருகினாள். "இது எனக்கும் அலுத்துப்போச்சு."

பொய் என்று அவருக்குத் தெரியும். ஓரங்கள் சுருண்டு தேய்ந்த புத்தகம் அது.

"விடுகதை போடுவோம். நான் முதல்ல. ஒரு நாளைக்கு நூறு முகத்தைப் பாக்கும், ஒண்ணையும் ஞாபகம் வெச்சுக்காது. எது?"

அவர் யோசித்தார். "பஸ் கண்டக்டர்?"

"ஆள் இல்லை, பொருள். உங்க கடையிலயே இருக்கு."

"என் கடையிலயா?" சீப்பு, கத்தி, நாற்காலி என்று வரிசையாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் அவள் தலையசைத்து மறுத்தாள். பக்கத்துக் கட்டில்காரி பதிலைச் சொல்ல வாயெடுத்தாள், சுல்மா அதட்டி அடக்கினாள். அதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்துவிட்டாள்.

படிக்கட்டில் பாதி இறங்கியவர் அப்படியே நின்றார். தலையில் ஓங்கி ஓர் அடி போட்டுக்கொண்டு திரும்ப ஏறினார்.

"ஐயா, நேரம் முடிஞ்சுது," என்று காவலாள் குறுக்கே வந்தான்.

"ஒரே ஒரு வார்த்தைப்பா. சொல்லிட்டு வந்துடறேன்."

அவர் கெஞ்சிய கெஞ்சலில் அவன் ஒதுங்கினான். சுல்மா கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாளோ என்று அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"கண்ணாடி."

"இருபது நிமிஷம்," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "நாளெல்லாம் அதுக்கு முன்னால நிக்கிற மனுஷன்." உதட்டோரம் சிரிப்பு. "நாளைக்கு நீங்க ஒண்ணு கொண்டாங்க. லேசா இருந்தா உள்ள விடமாட்டேன், சொல்லிட்டேன்."

பேருந்துக்குக் காத்திருந்தபோதே ஒலெகாரியோ பக்கத்தில் நின்ற மீன்காரரிடம் கேட்டார்: "ஐயா, உங்களுக்குக் கஷ்டமான விடுகதை ஏதாவது தெரியுமா?"