ஊற்றாத எண்ணெய்

டார்ச்சை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னார் பிச்சுமணி. விஜயலக்ஷ்மி தாழ்த்தினாள். திறந்த பானெட்டுக்குள் கணவரின் தலை பாதி மறைந்திருந்தது. மெல்லிய குழாய் மாட்டிய சிரிஞ்சால் சூப்பர்சார்ஜரின் துளையிலிருந்து பழைய எண்ணெயை உறிஞ்சி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டுக்கொண்டிருந்தார். கறுத்த எண்ணெய். முட்டைக்கோஸ் அழுகின நாற்றம் என்று அவள் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஓய்வு பெற்ற கையோடு அவர் வாங்கிய பழைய ஜெர்மன் கார் அது. இஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ள அதில் தனியாக ஒரு யந்திரம், அதுதான் சூப்பர்சார்ஜர். அதற்குத் தனியாக எண்ணெய், ஒரு டம்ளர்கூட வராது. கல்லாறு தாண்டி பொன்முடி ஏற்றத்தில் அது ரீங்காரம் போடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். முந்தின நாளிலிருந்தே காரை எடுக்கவில்லை. இஞ்சின் நன்றாக ஆறினால்தான் எண்ணெயின் மட்டம் சரியாகத் தெரியுமாம். காலையில் பானெட்டின்மேல் கை வைத்துப் பார்த்து, "ஆறிடுத்து" என்று சொன்ன பிறகுதான் காப்பியே குடித்தார்.

"இந்தா, துளையோட திருகு. கையிலயே வெச்சுக்கோ. கீழ வெச்சா போன தடவை மாதிரி வாசல் ஓடையில உருண்டுடும்."

"நானா உருட்டினேன்?"

"பின்னே, காரா உருட்டித்து?"

புது எண்ணெயை எடுத்து வர உள்ளே போனார். அவள் எத்தனை சண்டை போட்டும் அந்தக் குப்பியைச் சமையலறையில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில்தான் வைப்பார். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. என்னத்தைத் தள்ளினேள் என்று கேட்டாள். உள்ளே போய்ப் பார்த்தபோது அவர் சமையலறைத் தரையில் கிடந்தார்.

அடுத்த வீட்டு டாக்டர் பத்மகுமார் ஓடி வந்து, தரையில் மண்டியிட்டு, வெகுநேரம் மார்பை அமுக்கிப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து நின்றார்.

வெயில் ஏறுவதற்குள் கரமனைத் தெரு முழுக்க வீட்டில் இருந்தது. கூடத்தில் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு. விஜயலக்ஷ்மி உட்காருவதும் எழுந்து ஜன்னலுக்குப் போவதுமாக இருந்தாள். நாத்தனார் ஒவ்வொரு தடவையும் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே போர்ட்டிகோவில் பானெட் திறந்தபடி கார். யாராவது அதன் பக்கம் போனால் இவள் கழுத்து நீண்டது.

மகன் ஹரிஷங்கர் பெங்களூரிலிருந்து மத்தியானம் வந்து இறங்குவான். அதற்குள் போர்ட்டிகோ காலியாக வேண்டும், அங்கேதான் பாடை கட்ட வேண்டும் என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். நாத்தனார் பிள்ளை சாய் ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்தான்.

"சாய், அதை ஸ்டார்ட் பண்ணாதே."

"ரெண்டு அடி பின்னாடி எடுக்கறேன் மாமி, அவ்வளவுதான்."

"எண்ணெய் இல்லை அதுல."

சாய் தன் அம்மாவைப் பார்த்தான். "காரைப் பத்தியா இப்போ, மன்னி? அவன் பாத்துப்பான்" என்று நாத்தனார் முதுகைத் தடவினாள். அதிர்ச்சியில் இப்படித்தான் பேசுவார்கள் என்று யாரோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள். பத்மகுமார் ஒரு மாத்திரையை நீட்டி, "மாமி, கொறச்சு நேரம் கெடக்கூ" என்று மலையாளத்தில் படுக்கச் சொன்னார்.

வெளியே பானெட்டை அடித்து மூடும் சத்தம். பிறகு கார்க் கதவு.

அவள் எழுந்தாள். பிடித்த கைகளை உதறிவிட்டு, ஆண்களுக்கு நடுவே புகுந்து காருக்கு முன்னால் போய் நின்றாள். சாயின் விரல்கள் சாவியில் இருந்தன. அவள் காலையிலிருந்து மூடியிருந்த கையைத் திறந்து காட்டினாள். உள்ளங்கை ரேகையெல்லாம் கறுப்பு, நடுவில் திருகு.

"இது என் கையில இருக்கு. அங்க ஓட்டை தொறந்து கெடக்கு. எண்ணெய் இல்லாம ஒரு சுத்து சுத்தினாலும் உள்ள சக்கரத்துப் பல்லெல்லாம் போயிடும்னு அவர்தான் சொன்னார். இன்னிக்குக் காலம்பற."

சாய் சாவியிலிருந்து கையை எடுத்தான். "சரி மாமி" என்றான்.

சாவியைப் பாதி மட்டும் திருப்பி, நியூட்ரலில் போட்டு, நாலைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். "அத்திம்பேர் இதுக்குள்ள இரும்பா அடைச்சு வெச்சிருக்கார்?" என்று மூச்சு வாங்கினான் அவள் தம்பி. யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். கார் கேட்டைத் தாண்டி, மதில் ஓரமாக நின்றது. ஹேண்ட் பிரேக் இழுக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன்பின் எழுந்திருக்கவில்லை.

ஹரி வந்தான். எடுத்துக்கொண்டு போனார்கள். மழை பெய்து ஓய்ந்தது. குளிக்கும்போதும் திருகைக் கை மாற்றி மாற்றிப் பிடித்திருந்தாள். சோப்பு போட்டும் நாற்றம் போகவில்லை.

சாயங்காலம் மதில் ஓரமாக நின்றிருந்தவளிடம் ஹரி வந்தான். ஒரு கையில் சிரிஞ்ச், இன்னொன்றில் சீல் உடைக்காத அந்தச் சின்னக் குப்பி.

"அம்மா, நான் ஊத்திடறேன். திருகைக் கொடு."

"வேண்டாம்டா. இஞ்சின் ஆறட்டும்."

ஹரி பானெட்டின்மேல் கை வைத்தான். மழையில் நனைந்த தகடு சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

"சரிம்மா" என்றான்.

அவள் கை மூடியே இருந்தது.