படிவம் போன பக்கம்

தையல்காரருக்கு ஊசி என்றால் பயம். துணிக்குள் போகிற ஊசி அல்ல, தனக்குள் போகிற ஊசி.

மனைவிக்கு ஈரல் கெட்டு ஏழு மாதம். இறந்தவர்களின் ஈரல் இரண்டு முறை அவளுக்கென்று வந்தது. இரண்டுமே வாட்டசாட்டமான ஆண்களுடையவை. அவளுடைய சின்ன உடம்புக்குள் அடங்காது என்று வேறு ஆண்களுக்குப் போய்விட்டன. "கொஞ்சம் பிடிச்சுத் தைக்க முடியாதா டாக்டர்?" என்று இவர் கேட்டபோது டாக்டர் சிரிக்கவில்லை. "உயிரோட இருக்கிற ஒருத்தர் ஈரல்ல ஒரு பங்கு வெட்டி வெச்சா அடங்கும்" என்றார். சோதித்துப் பார்த்ததில் பொருந்தியது இவருடையதுதான்.

இன்றைக்குச் சம்மதக் கையெழுத்து. குளிர்ந்த அறையிலும் அவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மனைவியோ மஞ்சள் கண்ணை மறைக்கக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, அப்பிய பவுடரோடு, கல்யாண வீட்டுக்கு வந்தவள்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த அதிகாரியம்மா, கோப்பைத் திறக்காமலே படிவத்தை மனைவி பக்கம் நகர்த்தினார். "பயப்படாதீங்கம்மா. இங்க வீட்டுக்காரருக்குக் கொடுத்த பொம்பளைங்க எத்தனையோ பேர். எல்லாரும் நல்லா இருக்காங்க." பிறகு இவரிடம், "நீங்களும் தைரியமா இருங்க சார். மாத்தினதும் தெம்பு வந்துடும்."

"ஆளை மாத்திட்டீங்க" என்று சொல்ல வேண்டியதுதானே? நாக்கு எழவில்லை. கத்தி தன் வயிற்றுக்கு வராது என்ற நினைப்பு, வெயிலில் நின்றவனுக்கு நிழல் கிடைத்த மாதிரி இதமாக இருந்தது. அரை நிமிடம்தான். ஆனால் அரை நிமிடத்தில் அவர் ஒரு தலையணை உறைக்கே ஓரம் அடித்துவிடுவார்.

மனைவி கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள்.

"எங்கம்மா போடணும்? கெட்டுப்போன ஈரல்தான் இருக்கு. இவருக்கு ஆகும்னா எடுத்துக்கட்டும்."

அந்த மஞ்சள் கண்களைப் பார்த்ததும் அதிகாரியம்மா அவசரமாகக் கோப்பைத் திறந்தார்.

"இப்படிக் கொடு" என்று தையல்காரர் பேனாவை வாங்கினார். "நான்தாம்மா கொடுக்கிறவன். சொல்லியிருக்கணும், சொல்லலை." கையெழுத்து கோணிக்கொண்டு போனது. "ஊசி பெருசா இருக்குமா?"

"கண்ணை மூடிக்கோங்க" என்றாள் மனைவி. "பக்கத்து ரூம்லதானே கிடப்பேன்."

எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மேசைக்கடியில் அவர் சட்டை நுனி அவளுடைய இன்னொரு கையில் கசங்கிக்கொண்டிருந்தது. எப்போது பிடித்தாளோ. விட்டால் ஓடிவிடுவார் என்று அவளும் பயந்திருக்கிறாள்.

அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.