லேம்பர்ட் பார்க்கப் போன காண்டாமிருகங்கள்

என் கணவன் லேம்பர்ட் முப்பத்தாறு வருஷம் எங்கள் ஊர் தானியக் கிடங்கில் வேலை பார்த்தான். அறுவடைக் காலத்தில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். மக்காச்சோளத்தைக் குழிக்குள் கொட்டும்போது எழும் தூசியில் எதிரே நிற்பவன் முகம் தெரியாது. முகமூடி கொடுத்திருந்தார்கள். அது எப்போதும் அவன் கழுத்தில்தான் தொங்கும். மூக்கில் மாட்டினால் பேச முடியவில்லை என்பான். பேசாமல் இருப்பது அவனால் ஆகாத காரியம். அறுபத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றான். மறு வருஷமே, நுரையீரல் முழுக்கத் தழும்பேறிவிட்டது, மாற்று நுரையீரல் வைத்தால்தான் உண்டு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒமாஹா ஆஸ்பத்திரியில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறியது. எந்த நேரமும் அழைப்பு வரலாம், வந்தால் நான்கு மணி நேரத்துக்குள் அங்கே இருக்க வேண்டும் என்றார்கள். துணிப்பையை அடுக்கி வாசல் கதவோரம் வைத்தேன். என் கைப்பேசி, அவன் கைப்பேசி இரண்டையும் நான்தான் வைத்துக்கொண்டேன். குளிக்கப் போனால் இரண்டும் என்னோடு குளியலறைக்கு வரும். தேவாலயத்தில் பாட்டு பாடும்போதும் ஒரு கை கோட்டுப் பைக்குள்தான் இருக்கும். இப்படிப் பதினாறு மாதம்.

ஓய்வுக்குப் பிறகு ஊர் சுற்றலாம் என்று வாங்கிய ஆர்.வி. வண்டி வீட்டுப் பக்கத்தில் சும்மா நின்றது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள இருபத்தாறு அடி வண்டி. இரண்டே தடவைதான் வெளியே எடுத்திருந்தோம். செப்டம்பரில் ஒரு நாள் காலையில் லேம்பர்ட், வடக்கே எரிமலைச் சாம்பலில் எலும்பாகப் புதைந்து கிடக்கும் ஆதிகாலக் காண்டாமிருகங்களைப் பார்க்க வேண்டும் என்றான். நெப்ராஸ்காவிலேயே பிறந்து வளர்ந்து அதை இன்னும் பார்க்காதவர்கள் எங்களைப் போல நிறையப் பேர்.

எங்கள் மகள் ஜோலீன் லிங்கன் நகரிலிருந்து போனில் கத்தினாள். ஆக்ஸிஜன் சிலிண்டரோடு வயல்காட்டில் போய் என்ன செய்வீர்கள், நடுவில் ஒமாஹாவிலிருந்து கூப்பிட்டால் என்ன ஆகும் என்றாள். நான் வரைபடத்தில் பார்த்தேன். அங்கிருந்து ஒமாஹா மூன்றரை மணி நேரம். சமாளிக்கலாம். ஆனால் லேம்பர்ட் அதற்கும் மேற்கே நயோபிராரா ஆற்றங்கரை அருவிக்கும் போக வேண்டும் என்றான். அது ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் தூரம், அழைப்பு வந்தால் போய்ச் சேர முடியாது என்றேன். அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தான். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த சலிப்பில் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

வழியெல்லாம் அவனே ஓட்டினான். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், காலடியில் சிலிண்டர். வெர்டிக்ரி ஊரில் நிறுத்திக் கசகசாப் பூரணம் வைத்த கொலாச்சி ரொட்டி ஒரு டஜன் வாங்கினோம். ஒன்றரைதான் அவனால் தின்ன முடிந்தது. மெல்லவும் மூச்சு வேண்டியிருந்தது. ஏரிக்கரை முகாமில் தங்கினோம். அங்கே மின் இணைப்பு இருந்ததால் ஆக்ஸிஜன் இயந்திரத்தை அதில் மாட்டிவிட்டு, இரண்டு பேரும் எட்டு மணிக்கே படுத்துவிட்டோம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த எலும்புகள் இருக்கும் கொட்டகைக்குள் நுழைந்தோம். பெரிய மாட்டுக் கொட்டகை மாதிரிதான் இருந்தது. தரைக்குப் பதிலாகச் சாம்பல். எலும்புகளை வெளியே எடுக்காமல், கிடந்த இடத்திலேயே சாம்பலை மட்டும் நீக்கிக் காட்டியிருந்தார்கள். பருத்த உடம்பும் குட்டைக் காலுமாக இருபதுக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்கள், ஒன்றன்மேல் ஒன்று தலை சாய்த்துக் கிடந்தன. ஒரு தாயின் வயிற்றோரம் குட்டி கிடந்தது. அவற்றுக்கு நடுவே மண்டியிட்டு, சின்னத் தூரிகையால் ஒரு விலா எலும்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். பெயர் மார்வா என்று சட்டையில் எழுதியிருந்தது. லேம்பர்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, எழுந்து போய் ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

அவன் கேள்வி கேட்க ஆரம்பித்தான். பன்னிரண்டு மில்லியன் வருஷத்துக்கு முன்னால் மேற்கே ஓர் எரிமலை வெடித்ததையும், அதன் சாம்பல் காற்றில் வந்து இங்கே பனி மாதிரி விழுந்ததையும் அவள் சொன்னாள். பார்க்கத்தான் மாவு மாதிரி, உண்மையில் பொடித்த கண்ணாடி. புல்லைத் தின்றால் அது, மூச்சை இழுத்தால் அது. எல்லா மிருகமும் இந்தத் தண்ணீர்க் குட்டைக்கு வந்து நின்றிருக்கிறது.

"நுரையீரல்தான் போச்சுன்னு எலும்ப வச்சு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டான் லேம்பர்ட்.

அவள் ஒரு கால் எலும்பைத் தொடாமல் சுட்டிக் காட்டினாள். மேலெல்லாம் கடற்பஞ்சு மாதிரி பொரிந்திருந்தது. "நுரையீரல் ரொம்ப நாள் கெட்டுக் கெடந்தா எலும்பு மேல இப்படி வளரும். இதுங்க பட்டுனு சாகல. பறவைங்க, ஆமைங்க மொதல்ல. அப்புறம் குதிரைங்க. இந்தப் பெரிசுங்கதான் கடைசி."

"எத்தன நாள் தாங்குச்சு?"

அவள் அவன் மூக்கில் இருந்த குழாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "சரியாத் தெரியாது. சில வாரம் இருக்கும்."

"தண்ணிக்குள்ள எதுக்கு நின்னுச்சுங்க?"

"காய்ச்சலா இருந்திருக்கும். தண்ணி குளிர்ச்சியா இருந்திருக்கும்ல."

லேம்பர்ட் தலையாட்டினான். அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரம் அதே நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தாயையும் குட்டியையுமே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு நேரம் அவன் வாயை மூடியிருந்து நான் பார்த்ததில்லை.

வெளியே மரமேசையில் சாண்ட்விச்சைப் பிரித்தேன். அப்போது என் பையில் கைப்பேசி அடித்தது. நான் பதறி எடுத்தேன். ஜோலீன்தான். நன்றாக இருக்கிறோம் என்று சொல்லி வைத்தேன். அதை நான் திரும்பப் பைக்குள் வைப்பதை லேம்பர்ட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆர்டித், இனி அதக் கையில வச்சிருக்க வேணாம்."

"ஏன்?"

"ஏப்ரல்ல கூப்பிட்டாங்க."

எனக்குப் புரியவில்லை. யார் என்று கேட்டேன்.

"ஒமாஹாவுல இருந்து. நீ ஸ்வோபோடா வீட்டுச் சாவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு வேகவைக்கப் போயிருந்தல்ல, அன்னைக்கு. என் போன எங்கிட்ட குடுத்துட்டுப் போனியே. நுரையீரல் வந்திருக்கு, கெளம்பி வாங்கன்னாங்க. நான் வேணாம்னுட்டேன். பேரையும் எடுத்துடச் சொல்லிட்டேன்."

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே சிப்ஸ் தின்றுகொண்டிருந்தது. சாண்ட்விச்சை மறுபடி காகிதத்தில் சுற்றினேன். ஏன் சுற்றினேன் என்று தெரியவில்லை.

"அஞ்சு மாசம்," என்றேன். "அஞ்சு மாசமா நான் அதத் தூக்கிட்டு அலையிறதப் பாத்துட்டு இருந்திருக்க. கக்கூசுக்குக்கூட."

"பாத்தேன்."

"எதுக்குடா வேணாம்னு சொன்ன?"

அவன் மூச்சு வாங்கிவிட்டுத்தான் பதில் சொன்னான். "ஷூ போடக் குனிஞ்சேன். குனிய முடியல. கட்டில்ல உக்காந்தேன். இவங்க என்னை அறுக்கப் போறாங்க, மேசையிலேயே செத்துடுவேன்னு தோணிச்சு. பயந்துட்டேன் ஆர்டித். நல்ல காரணமா ஒண்ணு சொல்லணும்னு அன்னைலேருந்து யோசிக்கிறேன். ஒண்ணும் கெடைக்கல."

நான் எழுந்து நடந்தேன். அந்தப் புல்வெளியில் ஒளிந்துகொள்ள ஒரு மரமில்லை. எவ்வளவு தூரம் போனாலும் அவன் மேசையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவனுக்கும் நான் தெரிந்திருப்பேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினேன். சிலிண்டர் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டுக்கு வந்திருந்தது. எழுந்து போய் வேறொன்றை எடுக்க அவனுக்குத் தெம்பில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. வண்டியிலிருந்து கொண்டுவந்து மாற்றிவிட்டேன்.

மறுநாள் காலை முகாமில் அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. ஓட்டும் நிலையில் இல்லை. நான் அந்த வண்டியை ஒருநாளும் ஓட்டியதில்லை. வீட்டுக்குத் திரும்பலாம் என்றுதான் சாவியை எடுத்தேன். நெடுஞ்சாலைக்கு வந்ததும் அவன் மேற்கே கை காட்டினான். ஏன் திருப்பினேன் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. இனி நான்கு மணி நேரக் கணக்கு எதற்கு என்ற ஆத்திரமாகவும் இருக்கலாம்.

"வலது கண்ணாடியப் பாத்து ஓட்டு," என்றான்.

"பேசாம வா."

வாலன்டைன் ஊரில் பெட்ரோல் போட நிறுத்தினேன். கடையின் பின்பக்கம் போய் நின்று ஒமாஹாவுக்குப் போன் போட்டேன். பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் பெண் எங்களை மறக்கவில்லை. அவன் மனசு மாறிவிட்டான், பெயரைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். மனசு மாறினானா என்று அவனிடம் நான் கேட்கவே இல்லை. அவள் அவன் எடை என்ன, எத்தனை அடி நடக்கிறான், ஆக்ஸிஜன் எத்தனையில் ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சொல்லச் சொல்ல அவள் குரல் தணிந்துகொண்டே வந்தது. ஏப்ரலில் இருந்த உடம்பு வேறு என்றாள். இப்போது அறுவை சிகிச்சையை அவன் தாங்க மாட்டான் என்றாள். வருத்தமாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாள்.

அருவிக்குப் போக ஆற்றின் மேல் இரும்பு நடைபாலம் ஒன்றைக் கடக்க வேண்டும். அந்தப் பாலம் வரைகூட லேம்பர்டால் நடக்க முடியாது. நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்றான். வண்டிக்குள் அவனோடு உட்கார்ந்திருப்பதைவிட நடப்பது சுலபமாக இருந்தது. அறுபதடி உயரத்திலிருந்து வெள்ளையாக விழுந்தது தண்ணீர். கான்சாஸிலிருந்து வந்த ஒரு ஜோடி போட்டோ எடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன். உங்களையும் எடுக்கட்டுமா என்றார்கள். வேண்டாம் என்றேன்.

திரும்பி வந்தபோது அவன் ஜன்னலோரம் சாய்ந்திருந்தான்.

"கடைக்குப் பின்னால நின்னு ஒமாஹாவுக்குத்தான பேசின?"

"ஆமா."

"என்ன சொன்னாங்க?"

"முடியாதாம்."

"ம்." மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டான். "கேட்டதுக்கு நன்றி."

அந்த வார்த்தைதான் என்னை உடைத்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அவன் கை என் முதுகுவரை எட்டவில்லை. குழாய் இழுத்தது. என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான். அழுது முடித்தபின் வண்டியைக் கிளப்பினேன். வீடு வரை ஐந்தரை மணி நேரம் நானே ஓட்டினேன்.

ஏழு வாரம் இருந்தான். கடைசிப் பத்து நாள் படுக்கவே முடியாமல், நாற்காலியில் உட்கார்ந்து மேசைமேல் தலையணை வைத்து அதில் சாய்ந்தபடி தூங்கினான். மருந்து கொடுக்க வந்த நர்ஸ், சிரமம் தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்றாள். தெரிந்தது. நான்தானே பக்கத்தில் இருந்தேன். நவம்பர் பத்தாம் தேதி மத்தியானம், ஜோலீன் காப்பி போட உள்ளே போயிருந்தபோது அவன் மூச்சு நின்றுபோனது.

ஏப்ரல் விஷயம் ஜோலீனுக்குத் தெரியாது. ஒமாஹாக்காரர்கள் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லையே என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் மறுத்துப் பேசுவதில்லை. அவனை மன்னித்துவிட்டேனா என்று பாதிரியார் கேட்டார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன் என்றேன். காலப்போக்கில் சரியாகிவிடும் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோபப்படவாவது அவன் இருந்திருக்கலாம்.