எட்டு டிகிரிப் பூ

துபாயில் ஆகஸ்ட் மாதத்து மதியம், ஒன்றரை மணி. கண்ணாடி அறைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்ற சூப்பர்வைசர் விஜயபாஸ்கர், மீட்டரைப் பார்த்து நோட்டில் ‘எட்டு டிகிரி’ என்று எழுதினார். அரைமணிக்கு ஒருமுறை எழுத வேண்டும். அறை நடுவே தொட்டியில் ஒரு செடி; வடதுருவத்தை ஒட்டிய கடலோரச் சதுப்பில் பூக்கிறது. பூ சுண்டுவிரல் நகத்தளவுதான். இளஞ்சிவப்பு, நடுவே ஒரு மஞ்சள் பொட்டு. கொஞ்சம் சூடு ஏறினாலும் வாடிவிடும். நாளை மறுநாள் இந்தக் கண்ணாடித் தோட்டத்துக்குத் திறப்பு விழா. அதுவரை வேறு யாரும் உள்ளே வரக் கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

வெளியே நாற்பத்தாறு டிகிரி. அந்த அறையின் ஏசி மெஷினுக்கு நிழல்பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள் முனியசாமியும் ராக்கப்பனும். மெஷினுக்கு நிழல் வேண்டுமாம்! பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்துக்கு என்ன குறை? சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து வரும் பஸ்ஸிலேயே, விடியற்காலை ஐந்தரைக்கு, ‘மதியம் ஓய்வெடுத்தேன்’ என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. மூன்று வருடமாக அந்த ரிஜிஸ்டரை நீட்டுகிறவர் விஜயபாஸ்கர்தான். எறும்பைக்கூட மிதிக்காத மனிதர். ஆனால் வழக்கமாகிவிட்ட தப்பு யார் கண்ணையும் உறுத்துவதில்லை.

படபடவென்று கதவு தட்டப்பட்டது. ராக்கப்பன் தோளில் முனியசாமி துவண்டு கிடந்தான்.

“அண்ணே, மயங்கி விழுந்துட்டான். கதவத் தொறங்க!”

“ஆம்புலன்ஸக் கூப்பிடுறேன். நெழல்ல படுக்க வையிப்பா. இங்க வேணாம், பூ போயிரும். என் வேலையும் போயிரும்.”

“பூவுக்கு அரமணிக்கொருக்கா சூடு பாக்குறீகளே, இவன ஒருக்காத் தொட்டுப் பாருங்கண்ணே!”

கதவை ஒரு சாண் திறந்து, கையை நீட்டித் தொட்டார் விஜயபாஸ்கர். தோசைக்கல்லைத் தொட்டதுபோல் சுட்டது. ஐயோ என்று கதவை அகலத் திறந்துவிட்டார். முனியசாமியைத் தரையில் கிடத்தி, செடிக்கு வைத்திருந்த குளிர்ந்த தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றினார்கள். அறை சூடேறிப் பூ தலை தொங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் அகிலா தமிழ்ப் பெண். நாடி பார்த்தபடியே கேட்டாள்: “குளுர வச்சதாலதான் உயிர் இருக்கு. எவ்ளோ நேரம் வெயில்ல இருந்தாரு? சரியாச் சொல்லுங்க, அத வச்சுத்தான் டாக்டர் பாப்பாரு.”

ஓடிவந்த மேனேஜர் ரிஜிஸ்டரை விரித்துக் காட்டினார். “வெயிலே படல. ரெஸ்ட்ல இருந்த ஆளு. கையெழுத்து இருக்கு பாருங்க.”

விஜயபாஸ்கர் ரிஜிஸ்டரைப் பார்த்தார். வாயைத் திறந்தால் வேலையோடு விசாவும் போகும். திறக்காவிட்டால் தரையில் கிடப்பவன் போவான்.

“ஆறு மணியிலேருந்து வெயில்லதாம்மா நின்னான். ஓய்வே குடுக்கல. அந்தக் கையெழுத்தக் காலையிலயே வாங்குனது நான்தான்.”

“உனக்கென்ன பைத்தியமா?” என்று சீறினார் மேனேஜர்.

விஜயபாஸ்கர் அழுதுகொண்டே சொன்னார்: “சட்டம் போட்டது ஆளு பொழைக்கத்தான் சார், ரிஜிஸ்டர நெரப்புறதுக்கு இல்ல. பொய்யா ஒரு கையெழுத்து வாங்குறதும், ஒருத்தன வெயில்ல தள்ளிக் கதவச் சாத்துறதும் ஒண்ணுதான்.”